லியோனுக்குப் போன பர்னூஸ்

ஜெல்ஃபா,
மகள் ஸுலைகாவின் கல்யாணம் முடிந்த வாரம்.

பிரான்சு தேசத்து லியோன் மாநகரில், லிஃப்ட் வைத்த கட்டடத்தில், மெத்த சௌகரியமாக வாழ்ந்துவருபவரும், என் மனைவி சஅதிய்யாவின் ஒரே தம்பியும், அந்த ஒரே காரணத்தால் எனக்கு மைத்துனருமாகிய ரபாஹ் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இவ்விடம் நானும், உங்கள் அக்காவும், கல்யாணத்துக்கு அறுத்ததுபோக மிஞ்சிய ஆடுகளும் இறைவன் அருளால் நலம். அவ்விடம் தாங்களும், தங்கள் மனைவி மக்களும், தங்கள் தோளில் கிடக்கும் என்னுடைய பர்னூஸும் நலமா? அங்கே குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டுக் கவலைப்பட்டேன். பர்னூஸுக்காக அல்ல. அது ஒட்டக முடி, மெஸ்ஸஅத் ஊர்ப் பெண்கள் விரல் தேய நெய்த கையில்லாப் போர்வை அங்கி, அதற்குக் குளிராது. அதற்குள் இருப்பவருக்கும் குளிராது. அதை இழந்தவனுக்குத்தான் குளிர்கிறது.

விடுமுறை கிடைக்காததால் தாங்கள் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனதை அறிவேன். மாமன் இல்லாத குறை தெரியாமல் எல்லாம் நடந்தது. குறை பர்னூஸ் இல்லாததில்தான் தெரிந்தது. வராதவருக்கு நடந்ததைச் சொல்வது உறவுக்காரன் கடமை என்பதால் இதை எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கவும்.

சென்ற கோடையில் தாங்கள் வந்திருந்தபோது, ஆட்டுக்கிடாய்கள்கூட நிழல் தேடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற ஓர் ஆகஸ்டு மத்தியானத்தில், என் அலமாரியைத் தாங்களே திறந்து, என் கல்யாணத்தன்று தங்கள் வாப்பா என் தோளில் போட்டுவிட்ட அந்தப் பழுப்பு பர்னூஸை எடுத்துப் போர்த்திக்கொண்டு, அதன் தலைமூடியையும் நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று அழுதீர்கள். அது கண்ணீரா வேர்வையா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

“மச்சான், இதுல எங்க வாப்பா வாசன அடிக்குது.”

“அது என் வாசன. இத்தன வருசமா நான்தானே போடுறேன்.”

“ஒரே ஒரு சாயங்காலம் மச்சான். எங்க சங்கத்துல ஒரு விருந்து. போட்டுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். ஊருக்கு வர்ற மொத ஆள்கிட்ட குடுத்தனுப்பிடுறேன்.”

நான் வாய் திறப்பதற்குள் தங்கள் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். “புள்ள ஆசப்படுறான், குடுங்களேன். ஆகஸ்டு மாசத்துல உங்களுக்கு எதுக்கு அது?” இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆகஸ்டு மாதத்தில் யாருக்கும் இருக்காது.

பிறகு அந்தப் போட்டோவை இணையத்தில் உலகம் பார்த்தது. குஸ்குஸ் அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியைச் செங்கோல்போல் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். கீழே ‘பாலைவனத்தின் மைந்தன்’ என்று எழுதியிருந்தது. ஜெல்ஃபாவில் பனி கொட்டும் என்பதும், இது மேட்டுச் சமவெளி என்பதும், இந்த மைந்தன் மீசை முளைக்கும்வரை ஒட்டகத்தைக் கண்டால் அக்காவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிவார் என்பதும் லியோன்காரர்களுக்கு எப்படித் தெரியும்? நூற்றுக்கணக்கானவர்கள் கைதட்டியிருந்தார்கள். என் பர்னூஸுக்கு இத்தனை மரியாதை என் தோளில் இருந்தபோது ஒருநாளும் கிடைத்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இலையுதிர்காலத்தில் ஸுலைகாவுக்கு ஹாஸி பஹ்பஹ் ஊரில் சம்பந்தம் நிச்சயமானது. பையன் ஸுஹைர் நல்லவன், அதிகம் பேசமாட்டான், மாமன் வீட்டு அலமாரியைத் திறக்கமாட்டான். பெண் பிறந்த வீட்டை விட்டு இறங்கும்போது வாப்பா தன் பர்னூஸை ஒரு பக்கம் விரித்துப் பிடிக்க, அந்த இறக்கைக்குக் கீழே நுழைந்து வாசலைத் தாண்டுவாள் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தங்கள் அக்காவும் அப்படித்தான் இறங்கினாள். அன்று தாங்கள் தங்கள் வாப்பாவின் பர்னூஸ் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு “அக்காவ விடமாட்டேன்” என்று ஊரைக் கூட்டினீர்கள். யாரோ ஒரு பேரீச்சம்பழத்தை நீட்டியதும் விட்டுவிட்டீர்கள். பர்னூஸைப் பிடித்தால் தாங்கள் லேசில் விடுபவர் இல்லை என்பதை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும்.

போன் போட்டேன். சலவைக்குப் போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். அடுத்த முறை, சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்றீர்கள். ஒட்டக முடியைப் பிடித்து வைத்துக்கொண்டு சுங்கக்காரன் என்ன செய்வான் என்று கேட்டேன். அதற்கு அடுத்த முறை, “மச்சான், அத கையில எடுத்தாலே வாப்பா ஞாபகம் வந்துடுது, எப்படி அனுப்புவேன்?” என்று தழுதழுத்தீர்கள். வாப்பா உயிரோடு இருந்தபோது அவருக்கு மூட்டுவலி மாத்திரை அனுப்பச் சொல்லி எழுதிய கடிதங்களுக்கும் இந்தப் பாசத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம். போகட்டும்.

கடைசியில், அந்தப் பக்கத்திலிருந்து வந்த யாரோ ஒரு புண்ணியவான் கையில் தங்கள் அன்பளிப்பு வந்து சேர்ந்தது. கண்ணாடித்தாள் உறைக்குள் மடித்து வைத்த ‘நவீன’ பர்னூஸ். துணி, நைலான். நிறம், கல்யாண மண்டபத்துத் திரைச்சீலை நிறம். ஓரமெல்லாம் பொன்னிழை. முன்னால் ஜிப். உள்ளே கைபேசிக்கு ஒரு பை. எங்கள் முன்னோர்கள் இந்தக் காற்றில் இத்தனை காலம் கைபேசிப் பை இல்லாமல் எப்படிப் பிழைத்தார்கள் என்று நினைத்து நினைத்து வியந்தேன். சஅதிய்யா “தம்பி எவ்ளோ யோசிச்சு வாங்கியிருக்கான் பாருங்க” என்றாள். நானும் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று போர்த்திக்கொண்டு கையை விரித்தேன். ஸுலைகா தலையில் முக்காட்டோடு கீழே நுழைந்தாள். படபடவென்று பொரி பொரிவதுபோல் ஒரு சத்தம். முக்காடு அப்படியே எழும்பிப் போய் பர்னூஸின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. என் தாடி முடிக்கொரு திசையில் நின்றது. விலக்கப் போன சஅதிய்யாவின் விரலில் சுரீரென்று ஷாக் அடித்தது. இழுத்த இழுப்பில் முக்காட்டின் ஓரம் ஜிப்புக்குள் மாட்டிக்கொண்டு, நானும் என் மகளும் ஒரே உறைக்குள் இட்ட இரண்டு கடிதங்கள்போல் நடுவீட்டில் நின்றோம்.

“வாப்பா, அசையாதீங்க, கத்தரிக்கோல் எடுத்துட்டு வரச் சொல்லுங்க” என்றாள் ஸுலைகா. கால்நடை டாக்டர் அல்லவா, கன்று வயிற்றுக்குள் குறுக்கே மாட்டிக்கொண்டாலும் பதறமாட்டாள். முக்காட்டை வெட்டித்தான் எங்களைப் பிரித்தெடுத்தார்கள்.

இந்த இடத்தில் நீ நேரில் இருந்திருந்தால், ரபாஹ்... மன்னிக்கவும், ‘நீ’ என்று வந்துவிட்டது. இல்லை, மன்னிக்க வேண்டாம். இனிமேல் அப்படியே இருக்கட்டும்.

கல்யாணம் நெருங்கிவிட்டது. நான் பர்னூஸ் தேடி இறங்கினேன். பக்கத்து வீட்டு ஹாஜி அம்பாரக்கை உனக்குத் தெரியும். அவரிடம் நல்ல பர்னூஸ் ஒன்று உண்டு, பெருநாளைக்கு மட்டும் வெளிச்சம் பார்க்கும். வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன்.

“உங்களுக்கு இல்லாததா? தாராளமா,” என்றார். “ஒரே ஒரு விசயம். அது என் தோள விட்டு எறங்காது.”

“அப்புறம் எப்படி ஹாஜி நான் போடுறது?”

“நீங்க ஏன் போடணும்? நானே போட்டுக்கிட்டு வந்து பொண்ண வாசல் தாண்டி விட்டுடுறேன். நீங்க சும்மா பக்கத்துல நில்லுங்க.”

இப்படியாக, என் மகளை வழியனுப்ப என்னையும் அழைத்திருந்தார்கள் என்ற பெருமை எனக்குக் கிடைக்க இருந்தது. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்து என் பெரியப்பா மகன் தூஹாமி செய்தி கேட்டுத் தானாகவே வந்தான். கையில் ஒரு மூட்டை. பிரித்தால் செக்கச்செவேலென்று ஒரு பர்னூஸ். அவன் தாய்வழிப் பாட்டன், வெள்ளைக்காரன் காலத்தில் அவனுக்கு வரி வசூலித்துக் கொடுத்த காயிதாக இருந்தவர். அதற்கு வெள்ளைக்காரன் போர்த்திவிட்ட சிவப்பு அது. “நல்ல துணி, கொஞ்சம்கூட நைஞ்சு போகல” என்று தடவிக் காட்டினான். எப்படி நையும்? அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்க அப்புறம் யாருக்குத் துணிச்சல் வந்தது? என் வாப்பாவை விலங்கு மாட்டி இழுத்துப் போன அன்று முன்னால் குதிரையில் போனது அந்தச் சிவப்புத்தான். சஅதிய்யா மூட்டையை மறுபடி கட்டி அவன் கையில் கொடுத்து, “தூஹாமி, பொண்ணு கல்யாணம் பண்ணிப் போறா, வரி கட்டப் போகல” என்றாள். உன் அக்கா உன் விஷயத்தில் மட்டும்தான் அறிவிழப்பாள், மற்றபடி கெட்டிக்காரி.

சந்தைக்குப் போடுகிற என் பழைய கஷாபியாவைப் போட்டுக்கொள்ளலாமே என்றும் ஒருத்தர் சொன்னார். கஷாபியா கை வைத்துத் தைத்த அங்கி. அதில் விரிக்க இறக்கை ஏது? பெண்ணைக் கீழே விட வேண்டுமானால் நான் ஊர் முன்னால் அங்கியைக் கழுத்துவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். என் முழங்காலைப் பார்க்க ஹாஸி பஹ்பஹ் ஊரிலிருந்து யாரும் அத்தனை தூரம் வரவில்லை.

கல்யாண நாள் விடிந்தது. கொட்டும் பனியில்லை, ஊசி மாதிரி குத்தும் ஈரப்பனி, கூடவே காற்று. உள்ளே பெண்கள் குலவையிட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஊர் எல்லைக்கு வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. நான் ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, தலைவலி என்று சொல்லிப் படுத்துவிடலாமா, ஹாஜி அம்பாரக்கே வந்து அனுப்பி வைக்கட்டுமா என்றுகூட யோசித்தேன். மகளைப் பெற்று, படிக்க வைத்து, கடைசியில் வாசலில் அவளுக்கு மேலே பிடிக்க ஒரு முழம் துணி இல்லாதவன் என்று பெயர் வாங்க வேண்டுமே என்றிருந்தது. இந்த வரியைக் கிண்டலாக எழுத முயன்றேன். வரவில்லை.

அப்போது ஸுலைகா கல்யாண உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சகதியில் காலை வைத்து, கொட்டகைக்கே வந்துவிட்டாள். கையில் என் பழைய கோட்டு. வனக்காவலனாக இருந்தபோது இலாகா கொடுத்த பச்சைக் கோட்டு, பித்தளைப் பொத்தான், முழங்காலுக்குக் கீழே தொங்கும்.

“இத போடுங்க வாப்பா.”

“பைத்தியமா உனக்கு? இது சர்க்காரு கோட்டு. பொத்தான் வேற ஒண்ணு போயிடுச்சு. சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்க?”

“என்ன வேணா சொல்லட்டும். பொத்தான் போடாதீங்க, தொறந்து விடுங்க, நான் உள்ள வந்துடுறேன். பள்ளிக்கூடத்துக்குப் போறப்ப காத்தடிச்சா இதுக்குள்ளதானே வருவேன்? இன்னைக்கி மட்டும் என்ன வந்துச்சு?”

“ஸுலைகா...”

“வேற ஆளோட பர்னூஸுக்குக் கீழ நான் எறங்கமாட்டேன். சொல்லிட்டேன். சீக்கிரம், செருப்பெல்லாம் சேறு.”

போட்டேன். வாசலுக்கு வந்தோம். குலவை ஒரு மூச்சு நின்றது. மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தி, எனக்குக் கேட்காது என்று நினைத்து, “பொண்ணா, இல்ல காட்டுல வெட்டுன வெறகா? எதுக்கு காட்டிலாகாக்காரன் புடிச்சிட்டு வர்றான்?” என்றாள். கல்யாண வேட்டாகத் துப்பாக்கிகள் வானத்தைப் பார்த்து வெடித்தன. நான் கோட்டை விரித்துப் பிடிக்க, ஸுலைகா உள்ளே நுழைந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஓர் அடி எடுத்து வைத்திருப்போம். முன்னால் நின்ற சம்பந்தி ஹாஜி பெல்கைர், நாலூர் சந்தையில் விலை நிர்ணயிக்கிற ஆட்டு வியாபாரி, பெரிய மனிதர், வெள்ளை பர்னூஸில் மினாரா மாதிரி நின்றவர், என் கோட்டைப் பார்த்தார். பார்த்தவர் “யா லத்தீஃப்!” என்று அலறி, சடாரென்று குனிந்து மாப்பிள்ளையின் காருக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஸுஹைர் ஓடிப் போய், “வாப்பா, என்னாச்சு, நெஞ்சு வலிக்குதா?” என்றான்.

“அந்தக் கோட்டு!” என்று காருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. “என் மந்தையவே வளைச்சிட்டுப் போயி அடைச்சுப்போட்ட கோட்டுடா அது! மொகத்தச் சுத்தித் துணிய கட்டிக்கிட்டு வருவான், கோட்டு மட்டுந்தான் தெரியும். இன்னைக்கும் கனவுல தொரத்துது!”

எனக்கும் நினைவு வந்தது. ஸெனால்பா மலைச்சரிவில் நாங்கள் பைன் கன்று நட்டுக்கொண்டே போவோம், பின்னாலேயே ஒரு மந்தை தின்றுகொண்டே வரும். மந்தையை அடைத்தால் கூலிக்காரன் ஒருவன் வந்து அபராதம் கட்டி மீட்டுப் போவான்; மந்தைக்காரன் மட்டும் கையில் சிக்கமாட்டான், முயல் மாதிரி ஓடுவான். அந்த முயல்தான் இப்போது என் சம்பந்தி. நிச்சயதார்த்தத்தில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டவர்கள்!

“அப்ப நீங்கதானா அது?” என்று நானும் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். “என் கன்னையெல்லாம் மொட்டையடிச்சது?”

“கன்னா அது? குச்சி! குச்சிய நட்டு வச்சிட்டு, அதுக்கு அபராதம்!” அவர் இப்போது நிமிர்ந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது. “இந்தக் கோட்டுக்கு அடியில வர்ற பொண்ணு என் வீட்டு வாசல்ல...”

“மேல சொல்லாதீங்க ஹாஜி,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வேட்டு போட்டவர்கள் துப்பாக்கியைக் கீழே இறக்கிவிட்டார்கள். ஒரு சொல் தவறினால் வண்டிகள் திரும்பிவிடும்.

கோட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “மாமா.”

ஹாஜி பெல்கைர் யார் பேசுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

“மாமா, நான்தான், உள்ள இருக்கேன். உங்க ஆடெல்லாம் இப்ப எங்க மேயுது?”

அவர் தாடியைத் தடவினார். பக்கத்தில் நின்ற அவர் சொந்தக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

“அங்கதான்,” என்றார் மெதுவாக. “அதே காட்டுலதான். இப்ப மரமெல்லாம் பெருசாயிடுச்சு. நெழலு நல்லாருக்கு.”

முதலில் சிரித்தது ஸுஹைர். அதிகம் பேசாத பையன் என்று சொன்னேனே, அவன் சிரித்த சிரிப்பில் அவனைக் கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டியதாயிற்று. பிறகு எல்லாரும். கடைசியில் ஹாஜியும். சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து, தன் வெள்ளை பர்னூஸைக் கழற்றி, அந்தக் கோட்டுக்கு மேலேயே என் தோளில் போர்த்திவிட்டார்.

“அன்னைக்கி நீங்க எனக்கு அபராதம் போட்டீங்க. இன்னைக்கி நான் உங்களுக்கு பர்னூஸ் போடுறேன். நடங்க சம்பந்தி, பொண்ணுக்குக் குளிருது.”

நடந்தோம். கோட்டுக்குள்ளே ஸுலைகா என் சட்டையை இறுகப் பிடித்திருந்தாள். சர்க்கார் துணி இரண்டு பக்கமும் நனைந்தது. வெளியே பனி, உள்ளே அவள். என் கண்ணிலும் பனி விழுந்திருக்க வேண்டும். காரில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது கோட்டுக்குள் காற்று புகுந்தது. அத்தனை இடம் அதில் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஹாஜி பெல்கைர் பர்னூஸைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். சிலருக்கு அப்படிக் குணம். உன் அன்பளிப்பும் வீணாகவில்லை, கவலைப்படாதே. தண்ணீர் இறைக்கிற எஞ்சின் மேல் போர்த்தி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருக்கிறோம். எவ்வளவு குளிரிலும் முதல் இழுப்பிலேயே கிளம்பிவிடுகிறது. கைபேசிப் பையில் எண்ணெய்த் துணி வைத்திருக்கிறேன். இவ்வளவு உபயோகமான பர்னூஸ் எங்கள் வம்சத்தில் யாரிடமும் இருந்ததில்லை.

ஆகவே, பாலைவனத்தின் மைந்தனே, இந்தக் கடிதம் கண்டதும் என் பர்னூஸை யார் கையிலாவது கொடுத்து அனுப்பவும். அனுப்ப மனமில்லை என்றால் என் வாசலை மிதிக்க வேண்டாம். உனக்கும் எனக்கும் இனி பேச்சில்லை. இறைவன் உனக்கு நீண்ட ஆயுளையும், உன் பிள்ளைகளுக்கு நல்ல படிப்பையும், உன் அலமாரிக்கு நல்ல பூட்டையும் தருவானாக. உன்னைப் போன்ற விருந்தாளி உனக்கும் ஒருவன் வரக்கூடும். பெரியவர்களுக்கு என் சலாமையும், குழந்தைகளுக்கு என் முத்தத்தையும் சொல்லவும்.

இப்படிக்கு,
கோட்டுக்குச் சொந்தக்காரன்,
லக்தர்.

பி.கு.: இதை ஒட்டப் போகும்போது உன் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். போனை எடுத்து, என் எதிரிலேயே உன்னைக் கூப்பிட்டு, கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ‘படித்தே’ காட்டினாள்: “தம்பி, மச்சான் உனக்கு எவ்ளோ பெரிய கடுதாசி எழுதியிருக்காரு தெரியுமா? கல்யாணம் நல்லபடியா நடந்துச்சாம். நீ அனுப்புனது தெனமும் உபயோகப்படுதாம். நீ சின்னப் புள்ளையில அக்காவுக்காக அழுததெல்லாம் எழுதியிருக்காரு. எழுதுறப்பவே கண்ணு கலங்கிட்டாரு.” இதில் ஒன்றைக்கூட நான் பொய் என்று மறுக்க முடியவில்லை. நீ அங்கே விம்மியது எனக்கே கேட்டது. விடுமுறை இப்போது எப்படியோ கிடைத்துவிட்டதாம்; வசந்தத்தில் வருவதாக இருந்ததை விட்டுவிட்டு, அடுத்த விமானத்திலேயே குடும்பத்தோடு வந்து இரண்டு மாதம் தங்கப் போவதாகச் சொல்லிவிட்டாயாம். உன் அறைக்கு இப்போது சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறேன். உனக்காக ஒரு கிடாயும் ஒதுக்கியாகிவிட்டது, நல்ல கொழுத்தது. ஆனாலும் இத்தனை பக்கம் எழுதியதைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. தபாலில் போடத்தான் போகிறேன். நம் தபால் போகிற வேகத்துக்கு, நீ வந்து, தின்று, தூங்கி, என்னைக் கட்டிப்பிடித்து அழுது திரும்பிய பிறகுதான் இது உன் வீட்டுக் கதவடியில் கிடக்கும். அதுவரை நாம் இரண்டு பேரும் மிகவும் பிரியமாக இருப்போம்.